ஊர் நலக் கொப்பி: ஒரு கிராமம் தன் நலவாழ்வைத் தானே அளந்து எழுதும் முறை

இலங்கையின் வடக்கே வன்னியில் வீடு வீடாக வந்து கணக்கெடுப்பவர்களுக்குக் குறைவில்லை. போர் முடிந்து மீள்குடியேறிய நாளிலிருந்து எங்கள் ஊரின் ஒரு குடும்பம் எத்தனை படிவங்களுக்குப் பதில் சொல்லியிருக்கும் என்று ஒருமுறை எண்ணத் தொடங்கி, இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டோம். கூரை ஓடா தகரமா, மலசலகூடம் உண்டா, மாடு எத்தனை, கைபேசி எத்தனை என்று கேட்டு எழுதிச் சென்ற அந்தப் படிவங்களில் ஒன்றேனும் முடிவோடு ஊருக்குத் திரும்பி வந்ததில்லை. கடைசியாக வந்த படிவத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்து பதில் சொன்ன அயல்வீட்டு ஆச்சி, எல்லாம் முடிந்ததும், "தம்பி, குளத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே" என்றார். கேட்க வந்த பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் குளத்தை எழுத அவரது படிவத்தில் இடம் இருக்கவில்லை.

இந்தக் குறை எங்களுக்கு மட்டும் உரியதன்று. உலகின் 90இற்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 47 கோடியே 60 இலட்சம் பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மதிப்பிடுகின்றன. நெடுங்காலமாகப் பிறரால் அளக்கப்பட்டு, எண்ணப்பட்டு, எழுதப்பட்ட அம்மக்களில் பலர், கடந்த நாற்பது ஆண்டுகளில் அளவுகோலைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டு, நலவாழ்வு என்பதைத் தங்கள் சொல்லில் வரையறுத்து, தாங்களே கணக்கெடுக்கத் தொடங்கியுள்ளனர். வன்னியில் வாழும் நாங்கள் அந்த வரையறைக்குள் அடங்குவோமா என்பது வேறொரு விவாதம். இந்த நாட்டில் அந்தப் பெயருக்கு முதல் உரித்துடையவர்கள் வேடர்கள், அவர்களுள் மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கக் கரையோர வேடர்கள் தமிழே பேசுகின்றனர். ஆயினும் உலகின் பூர்வகுடி மக்கள் கண்ட முறைகள் குளத்தையும் காட்டையும் நம்பி வாழும் எந்த ஊருக்கும் பொருந்துவன. அவற்றைக் கொண்டு ஓர் ஊர் தனக்கென ஒரு நலக் கொப்பியை எவ்வாறு எழுதலாம் என்பதை, இரண்டு ஆண்டுகள் செய்து பார்த்த அனுபவத்திலிருந்து இங்கே விளக்குகிறேன்.

கொப்பி யாருடையது என்பதை முதலில் தீர்மானித்தல்

ஒரு கேள்வியை எழுதுவதற்கு முன்னரே பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டத்தைக் கூட்ட வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கோவில் பரிபாலன சபை ஆகிய நான்கிலிருந்தும் ஆட்கள் வருவது நல்லது. இவற்றுள் ஒன்று மட்டும் பொறுப்பெடுத்தால் கொப்பி அந்தச் சங்கத்தின் கொப்பி ஆகிவிடும். அக்கூட்டத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: எழுதப்படும் விடயங்கள் யாருக்குச் சொந்தம், எதை எழுதுவது என்பதை யார் தீர்மானிப்பது, யார் பார்க்கலாம், கொப்பி யாருடைய வீட்டில் இருக்கும்.

இந்த நான்கு கேள்விகளும் எங்கள் கண்டுபிடிப்பல்ல. 1994இல் கனடா அரசு தொடங்கிய மூன்று பெரிய நீண்டகால ஆய்வுகளில், பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் முதற்குடி மக்கள் சேர்க்கப்படவில்லை. அவர்கள் தமக்கென ஒரு சுகாதார ஆய்வை நடத்தத் தொடங்கியபோது, 1998இல், உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்ற நான்கு நெறிகளை வகுத்துக்கொண்டனர். இவற்றுள் கடைசியானதை நாங்கள் முதலில் அற்பமாக நினைத்தோம். கொப்பி எங்கே இருந்தால் என்ன என்று தோன்றியது. உண்மையில், கைவசம் இல்லாத உடைமை பெயரளவிலேயே இருக்கும் என்பது காணி உறுதியைத் தொலைத்த எவருக்கும் விளங்கும்.

அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுப்பாய் மக்களின் கதையையும் அக்கூட்டத்தில் சொல்லலாம். நீரிழிவு நோய் ஏன் தங்களிடையே இவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிவதற்காக, 1990இலிருந்து அவர்கள் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் தங்கள் இரத்தத்தைக் கொடுத்தார்கள். அதே இரத்தம் மனநோய் பற்றியும், உறவுக்குள் நடக்கும் திருமணங்கள் பற்றியும், அவர்களது முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பது பற்றியும் ஆராயப் பயன்பட்டது என்பது பின்னரே அவர்களுக்குத் தெரிய வந்தது. வழக்கு 2010இல் இணக்கத்துக்கு வந்து, 41 பேருக்கு 7 இலட்சம் டொலர் வழங்கப்பட்டது. எஞ்சியிருந்த இரத்த மாதிரிகளும் அவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. இதிலிருந்து எடுக்க வேண்டிய நடைமுறை எளியது. ஒவ்வொரு கேள்விக்கும் மேலே அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த நோக்கத்துக்கு வெளியே அந்தப் பதிலைப் பயன்படுத்த வேண்டி வந்தால், சொன்னவரிடம் மறுபடியும் சென்று கேளுங்கள்.

கொப்பியில் பெயர்கள் வேண்டாம். வீடுகளுக்கு இலக்கமிட்டு, எந்த இலக்கம் எந்த வீடு என்ற பட்டியலைத் தனித் தாளில் எழுதி, வேறோர் ஆளிடம் கொடுத்து வையுங்கள். எழுதுவோர் ஐந்து பேர் போதும். அவர்களுள் மூவராவது பெண்களாக இருக்க வேண்டும். முதலாம் ஆண்டு நாங்கள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த பெடியன்களிடம் வேலையைக் கொடுத்தோம். அவர்கள் ஒரு கிழமையில் முடித்துத் தந்த கொப்பியின்படி எங்கள் ஊரில் கிழமைக் கடன் கட்டும் பெண்கள் நால்வர் மட்டுமே. அடுத்த ஆண்டு மாதர் சங்கத்துப் பெண்கள் கேட்டபோது அந்தத் தொகை 31 ஆயிற்று.

நலம் எது என்று ஊரிடம் கேட்டல்

நியூசிலாந்தின் மாவோரி மருத்துவர் மேசன் டூரி, 1980களின் தொடக்கத்தில், தம் மக்களின் நலவாழ்வை ஒரு வீடாக உருவகித்தார். உடல், மனம், குடும்பம், ஆன்மா என்பன அதன் நான்கு சுவர்கள். அவ்வீடு நிற்பது நிலத்தின் மேல். ஒரு சுவர் சரிந்தால் மற்ற மூன்றும் வலுவாக இருந்தாலும் வீடு நிற்காது என்பது அதன் உட்பொருள். இன்று அந்நாட்டின் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் இந்த உருவகம் வழக்கில் உள்ளது. எக்குவடோர் நாடு 2008இல் இயற்றிய அரசியலமைப்பில், அன்டீஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியிலுள்ள 'சுமாக் கவ்சாய்', அதாவது நல்வாழ்வு, என்ற சொல் அப்படியே இடம்பெற்றது.

இவற்றைப் படித்தவுடன் நான்கு சுவர்களையும் தமிழில் எழுதி அவற்றின் கீழ் கேள்விகளை அடுக்க ஆசை வரும். அப்படிச் செய்ய வேண்டாம். மாவோரி மக்கள் செய்தது தங்கள் வீட்டைத் தாங்களே வரைந்தது; நாங்கள் அந்த வீட்டில் குடிபுகுந்தால் பழைய படிவத்துக்கும் புதியதற்கும் வேறுபாடு இராது.

நலம் என்றால் என்ன என்று நேரே கேட்டாலும் பயனில்லை. "நோய் நொடி இல்லாமல் இருக்கிறது" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுத் தேநீரை எதிர்பார்ப்பார்கள். நாங்கள் பல விதமாகக் கேட்டுப் பார்த்து, கடைசியில் இந்தக் கேள்வியில் நின்றோம்: "உங்களுக்குத் தெரிந்து எந்த ஆண்டு எங்கடை ஊர் நல்லாயிருந்தது? அப்ப என்ன இருந்தது?" பெரியவர்களைக் குளக்கட்டு மருத மரத்தின் கீழ் ஒரு பின்னேரமும், பெண்களை மாதர் சங்கக் கூட்டம் முடிந்த கையோடும், இளைஞர்களை விளையாட்டு மைதானத்திலும் என்று தனித்தனியே மூன்று அமர்வுகளாக இதைக் கேட்க வேண்டும். ஒன்றாக இருத்தினால் பெரியவர்கள் மட்டுமே பேசுவர்.

எங்களுக்குக் கிடைத்த பதில்களில் சிலவற்றைத் தருகிறேன். குளம் நிரம்பி வான் பாய்ந்த ஆண்டு. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோவிலுக்கு ஊரே வண்டில் கட்டிப் போன ஆண்டு. அருவி வெட்டுக்கு, அதாவது நெல் அறுவடைக்கு, ஆளுக்காள் கைம்மாறாக நின்ற காலம். இரவு கதவு தட்டினால் பயப்படாத காலம். கிணற்றுத் தண்ணீரை அள்ளியவுடன் குடித்த காலம். இளைஞர்கள் சொன்னது வேறு: வெளிநாடு போகும் கதையைக் கேட்காமல் ஒரு மாதம் கழிந்தால் அதுவே நல்ல மாதம் என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அதையும் எழுதிக்கொண்டோம்.

பதிலைக் குறியாக மாற்றுதல்

இங்கேதான் அதிக நேரம் செலவாகும், செலவழிக்கவும் வேண்டும். சொல்லப்பட்ட ஒவ்வொன்றிலிருந்தும் எண்ணக்கூடிய ஒரு குறியை எடுக்க வேண்டும்; அது ஒவ்வோர் ஆண்டும் ஒரே விதமாக எண்ணக்கூடியதாகவும், வேறோர் ஆள் எண்ணினாலும் அதே விடை வருவதாகவும் இருக்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேற்பட்ட குறிகளை வைத்துக்கொண்டால் மூன்றாம் ஆண்டு கொப்பி நின்றுவிடும்.

குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துரிசடியில் (மதகடியில்) உள்ள அளவுக் கம்பத்தில் சித்திரைக் கடைசியில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பது ஒரு குறி. குளத்து நீரைப் பங்கிடும் வட்டவிதானையாரிடம் கேட்டால் அதற்கு விடை கிடைக்கும். ஆனால் ஆச்சி குளத்தைப் பற்றிக் கேட்கவில்லையே என்றபோது நீரின் அடியை மட்டும் கருதவில்லை. குளக்கட்டுத் துப்புரவுக்கு வீட்டுக்கு ஓராள் வந்ததா, எத்தனை வீடுகள் ஆள் அனுப்பாமல் காசு கொடுத்தன, குளத்து மீனை இந்த மாதம் எத்தனை வீடுகள் சமைத்தன என்பவையும் குளத்தைப் பற்றிய கேள்விகளே. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கிராசி நரோஸ் என்ற முதற்குடிக் கிராமத்தின் ஆற்றில், 1960களில் ஒரு காகிதத் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு விடப்பட்டது. 1970இல் அங்கே மீன்பிடி நிறுத்தப்பட்டது. நஞ்சால் உடல் பாதிக்கப்பட்டது ஒருபுறமிருக்க, உணவும் தொழிலும் தந்தை மகனுக்கு ஆற்றைக் கற்றுக்கொடுக்கும் வழக்கமும் ஒரே நாளில் போயின. இரத்தத்தில் உள்ள பாதரசத்தை மட்டும் அளந்தவர்களுக்கு இந்த மற்ற இழப்புகள் தெரிந்திருக்க மாட்டா. ஒரு குறியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதனோடு சேர்ந்து வேறு எவை அசைகின்றன என்று கேட்டுப் பார்ப்பது இதனாலேயே முக்கியமாகிறது.

குடிநீருக்குத் தனிக் குறி வேண்டும். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் இன்னும் முற்றாகத் தெளியாத சிறுநீரக நோய் பரவியுள்ள நிலையில், கிணற்றை நம்பாத வீடுகள் பெருகுகின்றன. தண்ணீர் குடிக்க நல்லதா என்று கேட்காதீர்கள். அது ஆய்வுகூடத்தின் வேலை. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதற்கு மாதம் எவ்வளவு ரூபாய் செலவாகிறது என்று கேளுங்கள். இந்தத் தொகையை ஊர் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தபோது எங்களுக்கே திகைப்பாக இருந்தது.

உணவுக்கு வருகிறேன். 1980களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் ஊட்டச்சத்து ஆய்வாளர் கெரின் ஓடே, நீரிழிவு நோயுள்ள பத்துப் பூர்வகுடி மக்களோடு மேற்கு அவுஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறமான பகுதிக்குச் சென்றார். அவர்கள் ஏழு வாரங்கள் வேட்டையாடியும் மீன் பிடித்தும் கிழங்கு அகழ்ந்தும் தங்கள் முன்னோர் போல உண்டனர். சராசரியாக எட்டுக் கிலோ எடை குறைந்தது. இரத்தச் சர்க்கரை பெருமளவு இறங்கியது. 1984இல் வெளியான அந்த முடிவை வைத்துக்கொண்டு எங்கள் ஊரவர் காட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பாலைப்பழக் காலத்தில் எத்தனை வீடுகளில் பாலைப்பழம் உண்டார்கள், வீரைப்பழமும் உலுவிந்தம்பழமும் எத்தனை பிள்ளைகள் சுவைத்தார்கள், கடந்த கிழமை எத்தனை வீடுகளில் முசுட்டை இலையோ குறிஞ்சா இலையோ வறுத்தார்கள், எத்தனை வீடுகளில் காலை உணவு கடையில் வாங்கிய பணிஸ் என்ற நான்கு கேள்விகளும், காடு எங்களுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வரைபடத்தைவிட நன்றாகச் சொல்லிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: குறிஞ்சா தின்றால் சீனி குறையும் என்று கேட்டு, கிளினிக்கில் கொடுத்த குளிசையை நிறுத்தியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. உணவைக் கேட்டு எழுதும்போது மருந்தைப் பற்றி ஆலோசனை சொல்லக் கூடாது.

பிள்ளைகளுக்குக் காடு தெரிகிறதா என்பதற்கு மரப்பெயர்களைக் கேட்டோம். பாலை, வீரை, முதிரை, மருது, காயா என்று பத்து மரங்களைக் காட்டிப் பெயர் கேட்டதில், பெடியன்கள் ஏழு எட்டைச் சொன்னார்கள், பெண் பிள்ளைகள் மூன்று நான்கோடு நின்றார்கள். அவர்களது மறதி என்று நாங்கள் எழுதப்போனபோது ஒரு தாய் எழுந்து, கண்ணிவெடிப் பயத்தில் பத்து வருடம் பெண் பிள்ளைகளைக் காட்டுப் பக்கமே நாங்கள் விடவில்லையே, அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அந்த வரியும் கொப்பியில் ஏறியது. இந்தக் கேள்விக்காகப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிச் செல்வதாயின், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட பகுதிக்குள் மட்டும் செல்லுங்கள். சிவப்புப் பலகை இல்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம், கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மொழி, கூத்து, கோவில் என்பவற்றை நலத்தோடு சேர்ப்பது சிலருக்கு மிகையாகத் தோன்றும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்தோபர் லலோண்ட் என்ற இருவர் ஏறத்தாழ 200 முதற்குடிச் சமூகங்களில் இளைஞர் தற்கொலையை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவுகளை அவர்களுக்குச் சொல்லலாம். பாதிக்கு மேற்பட்ட சமூகங்களில் ஆய்வுக் காலத்தில் ஓர் இளைஞர் தற்கொலையும் நிகழவில்லை. சிலவற்றிலோ அது மிக உயர்ந்திருந்தது. சுயாட்சி, நில உரிமைக்கான முயற்சி, கல்வி, சுகாதாரம், காவலும் தீயணைப்பும், பண்பாட்டு நிலையம் ஆகிய ஆறும் சமூகத்தின் கையில் இருந்த இடங்களில் அந்த எண்ணிக்கை பூச்சியமாக இருந்தது. தாய்மொழியைப் பெரும்பாலானோர் பேசும் சமூகங்களிலும் இளைஞர் தற்கொலை மிகக் குறைவு அல்லது இல்லை என்பதை அதே ஆய்வாளர்கள் வேறொருவருடன் இணைந்து 2007இல் காட்டினர். பண்பாடு இருந்தால் தற்கொலை நிற்கும் என்று இதைச் சுருக்குவது தவறு; ஊரின் காரியங்களை ஊரார் நடத்தும் இடங்களில் இளைஞர்களின் நிலை வேறாக இருந்தது என்ற அளவிலேயே நிற்க வேண்டும். எங்கள் கொப்பியில் இதற்குக் குறியாக, இந்த ஆண்டு பொங்கலுக்கு வளந்து (பொங்கற்பானை) வைத்தோரில் முப்பது வயதுக்குக் குறைந்தவர் எத்தனை பேர், சங்கங்களின் பதவிகளில் எத்தனை பேர் என்ற இரண்டையும் வைத்தோம். முதலாவது மகிழ்ச்சியளித்தது. இரண்டாவதில் ஒருவர்கூட இல்லை.

கேட்கக் கூடாதவை

போர் முடிந்த 2009ஆம் ஆண்டைப் பற்றிய கேள்வியை வைக்க வேண்டாம். காணாமலாக்கப்பட்டோர் பற்றி எண்ணிக்கை கேட்க வேண்டாம். அந்தக் குடும்பங்கள் பல ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் முன்னால் அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர்கள். பதிலளிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லாதபோது, மறுபடியும் சொல்லச் செய்வது கொடுமை. அவர்களாகச் சொல்லத் தொடங்கினால் பேனையை மூடிவிட்டுக் கேளுங்கள். தற்கொலை எண்ணமுடையவர் என்று ஐயம் தோன்றும் ஒருவரைச் சந்தித்தால் அது கணக்கெடுப்பு விடயமன்று; அவரைத் தனியே விடாமல், குடும்பநல உத்தியோகத்தருக்கோ மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ அன்றே தெரிவியுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

நாளும் நேரமும்

காலபோக அருவி வெட்டு முடிந்து, நெல் வீட்டுக்கு வந்தபின், பங்குனியில் ஒருமுறை. குளம் வற்றிக் கிடக்கும் புரட்டாதியில் ஒருமுறை. இரண்டும் வேண்டும். பங்குனியில் மட்டும் கேட்டால் ஊர் எப்போதும் நலமாகவே இருக்கும்.

வாசித்துக் காட்டுதலும் பயன்படுத்துதலும்

கணக்கு முடிந்து ஒரு மாதத்துக்குள் மண்டபத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். நூற்றுவீதத்தில் சொல்லாதீர்கள், "பத்து வீட்டில் ஏழு வீடு" என்றால் எல்லோருக்கும் விளங்கும். மறுப்புகள் வரும். அவற்றை அழிக்காமல், வேறு நிறப் பேனையால் ஓரத்தில் எழுதுங்கள். எங்கள் கொப்பியில் பயனுள்ள பகுதி அந்த ஓரங்கள்தான் என்று எனக்குச் சில வேளை தோன்றுவதுண்டு.

அதன்பின் எந்தப் பக்கங்களை வெளியே கொடுக்கலாம் என்று ஊர் தீர்மானிக்க வேண்டும். குடிநீர்ச் செலவுப் பக்கத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் கொடுத்தோம். கடன் பக்கத்தைக் கொடுக்கவில்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 செப்ரெம்பர் 13இல் நிறைவேற்றிய பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தின் 23ஆம் உறுப்புரை, தங்களைப் பாதிக்கும் சுகாதார, வீடமைப்புத் திட்டங்களை உருவாக்குவதில் அம்மக்கள் முனைப்போடு பங்குகொள்ளும் உரிமையைச் சொல்கிறது. 144 நாடுகள் அதற்கு ஆதரவாக வாக்களித்தன, இலங்கையும் அவற்றுள் ஒன்று. எதிர்த்த அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கும் பின்னர் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டன. அது பிரகடனமே தவிர நீதிமன்றத்தில் வழக்காடும் சட்டமன்று. எங்கள் கைக்கு எட்டும் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எங்கள் ஊரில் அரச நிறுவனம் ஒன்று எடுத்த கணக்கெடுப்பின் தொகுத்த முடிவைக் கேட்டு, அந்நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தனியாள் விவரம் கிடைக்காது, கேட்கவும் கூடாது. கிடைக்கும் முடிவைக் கொப்பியோடு பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுங்கள்.

கொப்பியைப் பாதுகாத்தல்

தடித்த அட்டையுள்ள, கோடிட்ட கணக்குக் கொப்பி நல்லது. நீரில் கலையாத குமிழ்முனைப் பேனையால் எழுதுங்கள். மாரிக்கு முன் பொலித்தீன் உறையிலிட்டு, சுவரைத் தொடாத தட்டில் வையுங்கள்; மண் சுவரைத் தொட்டிருந்தால் கறையான் ஒரே இரவில் வாசித்து முடித்துவிடும். வாசிகசாலை அலுமாரியில் ஒரு பிரதி இருக்கட்டும், அதற்கு இரு பூட்டுகள், திறப்புகள் இரு வேறு ஆட்களிடம். இரண்டாவது பிரதியை ஊருக்கு வெளியே மணமுடித்துப் போன ஒரு பிள்ளையின் வீட்டில் வைத்திருக்கிறோம். உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கலியாணப் படமும் ஒரே பையில் இருந்து ஒன்றாகத் தொலைந்த ஊர் என்பதால், அதற்கு எவரும் காரணம் கேட்கவில்லை.